பவுசர் வராத நாள்

இன்று காலை சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தொடங்கியதும் எழுந்த மணம் என்னை வேலை செய்ய விடவில்லை. ஈரச் சுண்ணாம்பின் மணம் வந்தால் பின்னாலேயே நீயும் வந்துவிடுகிறாய், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு. கொழும்புத்துறையில் நாம் இருவரும் திருத்திய அதே பழைய அரிசி ஆலைதான். அதே கிழக்கு மூலைதான். நீ கட்டியதைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டுகிறோம்.

சாந்துக்கு எடுக்கும் முதல் வாளித் தண்ணீரில் ஒரு கை அள்ளி வாயில் வைக்காமல் நீ விட்டதில்லை. கொப்புளித்துத் துப்பி, "நல்ல தண்ணி" என்று நீ சொன்ன பிறகுதான் வேலை தொடங்கும். கடலேரி பக்கத்திலேயே இருப்பதால் ஆலை வளவுக் கிணறு உவர். நல்ல தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். "உப்பை உள்ளுக்கை விட்டால் சுவர் ஒருநாள் அதைத் துப்பும்" என்பாய். நீ தலைமை மேசன், நான் மேற்பார்வையாளன். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் அல்லவா, கேலி செய்யாமல் என்னால் இருக்க முடியாது.

"வீட்டிலையும் உப்பிடித்தான் ருசி பாப்பியோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னட்டைக் கேக்காமல் அவள் கறியை இறக்கமாட்டாள் மச்சான்" என்றாய். அப்போது உன் முகத்தில் இருந்த பெருமையை இப்போது நினைக்கவே பயமாக இருக்கிறது.

அந்த வருடம் மாரி மழை தொடங்க இரண்டொரு நாள்தான் இருந்தது. அத்திவாரத்தில் உக்கிப்போன கற்களை எடுத்துவிட்டு, மேலே நின்ற சுவருக்கு மரங்களால் முண்டு கொடுத்திருந்தோம். பவுசர் பழுதாகி வரவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வெட்டிய கிடங்கில் மழை இறங்கினால் மூலை முழுவதும் சரிந்துவிடும். நீ வருமுன்னே வளவுக் கிணற்றில் மோட்டரைப் போட்டுப் பீப்பாக்களை நிரப்பிவிட்டேன்.

நீ தடிமனோடு வந்தாய். தண்ணீரை வாயில் வைத்துத் துப்பினாய். இன்னொரு தரம் வைத்தாய்.

"மூக்கும் அடைப்பு, நாக்கிலை ஒண்டும் பிடிபடேல்லை. பவுசர் தண்ணிதானே?"

"ஓம்" என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் நீ கரண்டியைக் கீழே வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. நீயும் வேறு கேள்வி கேட்காமல் குழைக்கத் தொடங்கினாய்.

அடுத்த கோடையில் அந்த மூலை உப்புப் பூத்தது. விரலால் தொட்டால் சாந்து மாவாக உதிர்ந்தது. ஆலையின் சொந்தக்காரர் நல்லூரிலிருந்து வந்து, "இந்த மூலை ஆரின்ரை வேலை?" என்று சத்தம் போட்டார். நீ முன்னால் போய் நின்றாய்.

"பவுசரிலை வந்த தண்ணி உவராய் இருந்திருக்கு ஐயா. நான் கண்டுபிடிச்சிருக்க வேணும்."

நான் உன் பின்னால்தான் நின்றேன், வாய் திறக்காமல். போகும்போது, "தடிமன் இல்லை மச்சான், என்ரை நாக்குச் செத்துப்போச்சு" என்றாய். அதற்குப் பிறகு நீ சுண்ணாம்பைத் தொடவில்லை. இணுவில் பக்கம் புது வீடுகளுக்குச் சீமெந்து பூசிக்கொண்டு திரிந்தாய். வழியில் கண்டால் நீதான் முதலில் கை காட்டுவாய். உன்னிடம் சொல்ல எனக்கு ஆறு வருடம் இருந்தது. போன மாரியில் நீ படுக்கையில் விழுந்தாய், உன் நெஞ்சு நின்றுவிட்டது.

இந்த முறை வேலை தொடங்குமுன் சொந்தக்காரரிடம் சொன்னேன். "அண்டைக்குப் பவுசர் வரேல்லை. பிழை என்னிலை, அவனிலை இல்லை." அவர், "உது பழங்கதை, இப்ப என்னத்துக்கு? வேலையைப் பாருங்கோ" என்று போய்விட்டார்.

குருநகருக்குப் போய் உன் மனைவியிடமும் சொன்னேன். அவ சொன்னா: "அதுக்குப் பிறகு அவர் ஒரு கறியும் ருசி பாத்துச் சொன்னதில்லை அண்ணை. கடைசிக் கிழமை கஞ்சி பருக்கேக்கை உப்புப் போதுமோ எண்டு கேட்டன். 'எனக்கென்ன தெரியும், நீயே பார்' எண்டவர்."

என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவ தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனா.

இப்போது விடியலில் பவுசர் வந்ததும் நான்தான் முதல் கை அள்ளி வாயில் வைக்கிறேன். ஒருநாள் பவுசர் பிந்தியது. வளவுக் கிணற்றில் ஒரு கை அள்ளி வைத்துப் பார்த்தேன், வாயெல்லாம் உப்புக் கரித்தது. உனக்கு அந்தத் தடிமன் மட்டும் இல்லாதிருந்தால், வாயில் வைத்த உடனேயே என் முகத்தைப் பார்த்திருப்பாய். உன் நாக்குச் சாகவில்லை மச்சான். அன்று அது, பவுசர் தண்ணிதானே என்று என்னிடம்தான் கேட்டது.