எட்டாவது பாடலின் நீளம்

டோக்கியோ, கோஎன்ஜி
2019 பிப்ரவரி 25, திங்கள்

அன்புள்ள இட்சுகோ,

நமாரிகுமோ குழுவின் நான்காவது ஆல்பம் ‘துரு’ மார்ச் 20, புதன்கிழமை வெளிவருகிறது. மொத்தம் எட்டுப் பாடல்கள். இன்று காலை பதினொரு மணிக்கு இசை நிறுவனத்திலிருந்து முன்மாதிரி சிடியோடு வந்த இரண்டு பக்கச் செய்திக் குறிப்பு சொல்வது இது. சிடி உறையின் முதுகைச் சுற்றி வரும் காகிதப் பட்டையில் அச்சாகப்போகும் வாசகமும் அதன் முதல் பக்கத்திலேயே இருக்கிறது:

“கேட்டுவிட்டு பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்த பஸ்ஸிலும் ஏறவில்லை. - இட்சுகோ ஓய்காவா, இசைத்தட்டுக் கடை ஊழியர், மொரியோகா.”

அதற்குமேல் படிக்கவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். குளிர் எப்படி, உடம்பு எப்படி என்ற வழக்கமான பருவ விசாரிப்பு எதுவும் இல்லாமல் தொடங்கியதிலிருந்தே என் மனநிலை உனக்குத் தெரிந்திருக்கும்.

பதினொரு வருடத்துக்கு முன்னால், மேடையில் ஐந்து பேரும் கீழே ஒன்பது பேரும் இருந்த கச்சேரியில், அவர்களுடைய முதல் பதிவை வாங்கியவள் நான். பத்திரிகையில் அவர்களைப் பற்றி முதலில் எழுதியதும் நான். உன் ஊர்ப் பையன்கள் என்று உனக்கே கடிதம் போட்டுச் சொன்னதும் நான்தான். பட்டை வாசகம் வேண்டுமென்றால் யாரிடம் கேட்பார்கள் என்று எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

வாசகம் நன்றாக இருக்கிறது. ஒரு சொல்லை மாற்றிப் பார்த்தேன். கெட்டுப்போகிறது.

எப்போதிலிருந்து உனக்குத் தெரியும்?

சிகுசா


மொரியோகா
பிப்ரவரி 28, வியாழன்

அன்புள்ள சிகுசா,

இங்கே ஆற்றங்கரையில் பனி இன்னும் அழுக்காகக் கிடக்கிறது. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் பருவ விசாரிப்போடுதான் தொடங்குவேன். எனக்குக் கோபம் இல்லை.

நவம்பரிலிருந்து தெரியும். நிறுவனம் அறிவிக்கும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார்கள். “யாரிடமும்” என்றபோது முதலில் உன் முகம்தான் வந்தது.

நடந்தது இதுதான். பாடகர் குமகாய் அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்தவர், தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். மெட்டல் இசைத்தட்டு அலமாரியில் அவர்களுடைய மூன்றாவது ஆல்பத்தின் கீழே நான் கையால் எழுதி ஒட்டியிருந்த பரிந்துரை அட்டையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இது யாரு எழுதுனது?”

“நான்தான். ஏன், எழுத்து புரியலையா?”

“நெஜமாவே பஸ்ஸ விட்டீங்களா?”

“ரெண்டு பஸ். அன்னிக்கு பனி வேற. கால் ரெண்டும் வெறச்சுப்போச்சு.”

“ஐயோ, மன்னிச்சிருங்க.”

“முடியாது. அடுத்த ஆல்பத்த வெயில் காலத்துல போடுங்க.”

விழுந்து விழுந்து சிரித்தார். அதே வரி நான்காவது ஆல்பத்துக்கும் வேண்டுமென்றார். பழைய ஆல்பத்துக்கு எழுதியதைப் புதிதின்மேல் போடுவது ஏமாற்று வேலை என்றேன். அதனால் ஜனவரி கடைசியில் முழுப் பதிவையும் அனுப்பினார்கள். கேட்டேன். மறுபடியும் பஸ்ஸை விட்டேன். அதற்கப்புறம்தான் சரி என்றேன்.

முழுப் பதிவு எனக்கு முதலில் வந்தது என்று எழுதும்போதே உன் புருவம் தெரிகிறது. சிகுசா, இருபத்தேழு வருடமாக மாதாமாதம் உன் பெயர் அச்சில் வருகிறது. பட்டையில் உன் வாசகம் வந்த சிடிகள் என் கடையில் ஒரு வரிசை முழுக்க இருக்கின்றன. அவற்றை அடுக்கி வைக்கிறவள் நான். என் பெயர் ஒரே ஒரு தடவை வருகிறது. அதையும் நீ ஒரு சொல்லை மாற்றிப் பார்த்திருக்கிறாய்.

எள் பிஸ்கட் ஒரு பொட்டலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். வழியில் உடைந்திருந்தால் எங்கள் ஊர் வழக்கப்படி சூப்பில் போடு.

இட்சுகோ


டோக்கியோ
மார்ச் 2, சனி

அன்புள்ள இட்சுகோ,

பிஸ்கட் முழுசாக வந்தது. நன்றி.

ஏப்ரல் இதழுக்கான ‘பரிந்துரைக்கும் புதிய ஆல்பங்கள் பத்து’ நேற்று முடிந்தது. கடைக்கு எத்தனை வரவழைப்பது என்று தீர்மானிக்க உனக்கு உதவும் என்பதால் மெய்ப்புப் பக்கங்களின் நகலை இணைத்திருக்கிறேன். முதல் இடம் ஒசாகாவின் ‘யகான்’. நான்கு பெண்கள், பன்னிரண்டு பாட்டு, எல்லாம் சேர்ந்து இருபத்தொரு நிமிடம். டிரம்ஸ் அடிக்கும் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. நின்றுகொண்டே அடிக்கிறாள். இரண்டாவது ஃபுகுவோகாவின் பழைய ஆட்கள் ‘ஹகுதோ’. ஒன்பது வருடத்துக்குப் பிறகு வருகிறார்கள். வேகம் குறைந்துவிட்டது, ஆனால் பாடகரின் குரலில் இப்போதுதான் எடை ஏறியிருக்கிறது. சப்போரோவில் பாடகரே இல்லாத மூவர் குழு ஒன்று ஏழாம் இடத்தில். அதை நிறைய வரவழை. உன் ஆட்களுக்குப் பிடிக்கும்.

‘துரு’ பத்தில் இல்லை. அடுத்த பக்கத்தில் இருக்கிறது. நூறுக்கு அறுபத்தொன்று. நீ தேட வேண்டாம், இங்கேயே தருகிறேன்:

“ஏழு பாடல்கள்வரை நம்பிக்கை தருகிற ஆல்பம். எட்டாவது பாடல் நான்கு நிமிடம் இரண்டு விநாடியில், கிடார் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே, கத்தரித்த நூல்போல நின்றுவிடுகிறது. எப்படி முடிப்பதென்று தெரியாதவர்கள்தான் இப்படி நிறுத்துவார்கள்.”

ஆசிரியர் தெஷிமா என் மேசைக்கே வந்துவிட்டார்.

“அறுபத்தொண்ணா? போன ஆல்பத்துக்கு தொண்ணூத்திரெண்டு குடுத்தீங்களே முரானோ-சான்.”

“போன ஆல்பத்துல பாட்ட முடிச்சாங்க.”

“சண்ட கிண்ட ஏதாச்சுமா?”

“பதினோரு வருஷமா அவங்களப் பத்தி எழுதறேன். எனக்கென்ன சண்ட?”

“அதான் கேட்டேன்.”

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குப் பக்கங்கள் அச்சகத்துக்குப் போகின்றன. எப்படி இருக்கிறது, சொல்.

சிகுசா


மொரியோகா
மார்ச் 8, வெள்ளி

சிகுசா,

உன் கடிதம் திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தது. கல்லாவில் நின்றபடியே படித்தேன்.

எட்டாவது பாடல் பதின்மூன்று நிமிடம் இருபது விநாடி. முன்கூட்டிக் கசிந்துவிடக் கூடாதென்று முன்மாதிரி சிடியில் முதல் நான்கு நிமிடத்தை மட்டும் வைத்திருக்கிறார்கள். செய்திக் குறிப்பின் இரண்டாம் பக்கத்தில், கீழே, நட்சத்திரக் குறி போட்டு எழுதியிருக்கிறது. எங்கள் கடைக்கும் அதே தாள் வந்தது. அது இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். முழுதாகக் கேட்டவள் நான்.

படித்த அடுத்த நொடியே புரிந்துவிட்டது. போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. செவ்வாய் மாலை ஆறு மணிவரை நேரம் இருக்கிறதென்று நீயே எழுதியிருந்தாய். நான் போன் செய்யவில்லை.

வேலை அதிகம் என்று எழுதலாமென்று பார்த்தேன். திங்கட்கிழமை பிற்பகலில் எங்கள் கடைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று உனக்குத் தெரியும். கடை முதலாளி உள்ளேயிருந்து, “என்ன, தோழி என்ன எழுதியிருக்கா?” என்று கேட்டார். “வழக்கம்போலத்தான்” என்றேன். உன் கடிதத்தை மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை சிடிகளைத் துடைத்தேன்.

ஒரே ஒரு தடவை நீ அச்சில் தப்பாக இருப்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். புதன்கிழமை காலை போனை எடுத்தேன், அப்புறம் என்ன பயன் என்று வைத்துவிட்டேன். இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

இட்சுகோ


டோக்கியோ
மார்ச் 12, செவ்வாய்

இட்சுகோ,

சரிபார்த்துவிட்டேன். செய்திக் குறிப்பு, இரண்டாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. நட்சத்திரக் குறி இருக்கிறது. வேலைக்கு வரும் புதியவர்களிடம் முதல் நாளே நான் சொல்வது, நட்சத்திரக் குறியை முதலில் படி என்பதுதான்.

அச்சகத்தில் நேற்றுக் காலை விசாரித்தேன். இதழ் தைத்து முடித்து, கட்டுகள் லாரியில் ஏறிவிட்டன. வியாழக்கிழமை கடைகளுக்கு வரும். உன் கடைக்கும் வரும்.

திங்கள் பிற்பகல் இரண்டு முதல் செவ்வாய் மாலை ஆறு வரை இருபத்தெட்டு மணி நேரம்.

எனக்கு இனி எழுத வேண்டாம்.

முரானோ


மொரியோகா
மார்ச் 20, புதன்

அன்புள்ள சிகுசா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போட்டாலும் சரி.

‘துரு’ நேற்று மதியம் கடைக்கு வந்தது. புதன்கிழமை வெளியீடு என்றால் எங்கள் ஆட்களுக்குச் செவ்வாய்க்கிழமைதான் வெளியீடு, அது உனக்குத் தெரிந்ததுதானே. இரண்டு மணிக்கு சசகி-சான் வந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, டையை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டு மெட்டல் அலமாரிக்கு வருவாரே, அவர். கையில் உன் பத்திரிகை.

“இந்தம்மா கடைசிப் பாட்டு பாதியில அறுந்துபோகுதுன்னு போட்ருக்காங்களே ஓய்காவா-சான்? இங்க பின்னாடி பதிமூணு நிமிஷம்னு இருக்கு.”

“அவங்களுக்கு வந்த முன்மாதிரியில நாலு நிமிஷந்தான் இருந்துச்சு.”

“அத தாள்ல போட்டு அனுப்பியிருப்பாங்களே?”

“போட்ருந்தாங்க.”

“அப்ப படிக்கவே இல்லயா!” வாய்விட்டுச் சிரித்தார்.

அரை நிமிடம் இனித்தது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் அவர் பத்திரிகையைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டே சொன்னார்: “இனிமே அந்தப் பக்கத்தப் பாக்கணும்னே இல்ல. நீங்கதான் அட்ட எழுதறீங்களே, அது போதும்.”

நான் எழுதுவது ஒரு சிடியைக் கையில் எடுக்க வைக்கும். எந்த சிடியை எடுத்துப் பார்க்கலாமென்று எனக்குச் சொல்வது, பதினெட்டு வயதில் ‘பேனா நண்பர் தேவை’ பகுதியில் உன் விளம்பரத்தைப் பார்த்து எழுதிய நாளிலிருந்து, நீதான். அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். “பில் போடட்டுமா?” என்று மட்டும் கேட்டேன்.

நேற்று மட்டும் இருபத்திரண்டு போயிற்று. ‘யகான்’ பதினான்கு. நீ சொன்ன சப்போரோ மூவர் தீர்ந்துவிட்டார்கள், மறுபடி வரவழைத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்குச் சரியாக வரவில்லை. கேட்கிறேன்.

இட்சுகோ


டோக்கியோ
மார்ச் 28, வியாழன்

இட்சுகோ,

திருத்தம் மே இதழில், எண்பத்தெட்டாம் பக்கத்தில், ஐந்து வரியில் வருகிறது. முதல் மெய்ப்பு இன்று மதியம் என் மேசைக்கு வந்தது. “விமர்சகர் நிறுவனத்தின் குறிப்பைப் படிக்கத் தவறினார். எட்டாவது பாடலைப் பற்றிய கருத்தும் மதிப்பெண்ணும் திரும்பப் பெறப்படுகின்றன.” விமர்சகர் என்ற இடத்தில் என் பெயரைப் போடச் சொன்னேன். போட்டுவிட்டார்கள்.

யாரோ ஒருத்திக்கு முன்பே தெரியும் என்பதை நான் தெஷிமாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இது உனக்குச் செய்யும் உபகாரம் என்று எடுத்துக்கொள்ளாதே. தோழிகூடச் சொல்லவில்லை என்று வெளியே தெரிந்தால் எனக்குத்தான் கேவலம்.

குமகாயைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். ஒத்திகைக் கூடத்து வாசலில், டின் காபியோடு.

“முழுசா கேட்டிருந்தா எவ்ளோ போட்டிருப்பீங்க முரானோ-சான்?”

“தெரியல.”

“தெரியலயா, சொல்ல மனசில்லயா?”

“நீங்க ஏன் என்கிட்ட பட்டை வாசகம் கேக்கல?”

அவர் டின்னைப் படியில் வைத்தார். “நீங்க எங்களப் பத்தி எழுதுவீங்கன்னு எங்களுக்கு எப்பவும் தெரியும். அவங்க பஸ்ஸ விடுவாங்கன்னு தெரியாது.”

வீட்டுக்குப் போகும் வழியில் ‘துரு’வைக் கடையில் வாங்கினேன். பதின்மூன்று நிமிடம் இருபது விநாடி. நான்காவது நிமிடத்தில் எதை அறுந்துபோனது என்று எழுதினேனோ, அது அங்கிருந்துதான் தொடங்குகிறது. மூன்று தடவை கேட்டேன். என் வீட்டுப் பக்கம் பஸ் கிடையாது.

மே இதழில் அந்த ஆல்பத்துக்குப் புது விமர்சனம் வேண்டும். நான் எழுதக் கூடாது என்றார் தெஷிமா. நியாயம்தான்.

“அந்த மொரியோகா கடைக்காரங்க எழுதட்டுமே?”

“அவ விமர்சகி இல்ல.”

“நல்லா எழுதறாங்களே.”

“அதுதான் எனக்குப் பிரச்சன.”

“அப்ப நானே அவங்களுக்கு எழுதிடறேன்.”

இரண்டு நாள் வேண்டாமென்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காலை, நானே உனக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன். பக்கத்தில் உன் விமர்சனம் மேலே, உன் பெயரோடு. என் திருத்தம் அதற்குக் கீழே, சின்ன எழுத்தில். இரண்டையும் மாற்றி வைக்க முடியுமா என்று வடிவமைப்பாளரிடம் கேட்டுப் பார்த்தேன். முடியாதாம்.

நீ போன் செய்யாததை நான் மன்னிக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பார்த்தேன். உன் பரிந்துரை அட்டையில் ஒரு பிழை இருந்து, அது என் கண்ணில் பட்டு, கடை திறக்க ஒரு மணி நேரம் இருந்தால், உன்னிடம் சொல்வேனா? சொல்லுவேன். கடை திறந்த பிறகு.

உறுதியானவை இவ்வளவுதான். வர வேண்டியது நானூறு எழுத்தில் உன் விமர்சனம், நூறுக்கு எத்தனை என்ற எண்ணோடு. எனக்கும் ஒரு எண் இருக்கிறது. அதை உனக்குச் சொல்ல மாட்டேன். நீ சுமாராக எழுதிவிட மாட்டாயா என்ற நப்பாசையும் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கங்கள் ஏப்ரல் 4, வியாழன் மாலை ஆறு மணிக்கு அச்சகத்துக்குப் போகின்றன. அதற்குள் வராவிட்டால் அந்த இடத்தில் விளம்பரம் போடுவார்கள். நீ எழுதுவாயா என்று தெஷிமா கேட்டார். முப்பத்து மூன்று வருடப் பழக்கம், இருந்தும் எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

சிகுசா