சின்னவனின் மீதி நேரம்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், இதை மட்டும் ஒப்புக்கு எழுதவில்லை. போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், பாதியில் வைத்துவிடுவேன். காகிதம் குறுக்கே பேசாது. எழுத்து கோணிக்கொண்டு போனால் கண்ணைக் குறை சொல், நாலாம் வகுப்போடு நின்றவள் என்று சொல்லாதே, அதைச் சொல்ல நாலு பேர் இங்கேயே இருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில் உன் தம்பியைப் பற்றி எழுதினேனே, அது அத்தனையும் தப்பு. அவனுக்கு இன்னொரு வீடு இல்லை. குடியும் இல்லை, சீட்டும் இல்லை. இதை முதலில் நன்றாகப் படித்துக்கொள், மீதியைப் பிறகு படி.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். உங்கள் அப்பா லாரி ஓட்டின காலம் எனக்கு மணிக்கணக்காக ஞாபகம் இருக்கிறது. விடிய நாலு மணிக்கு வண்டி எடுத்தால் துறைமுகம் போய் லோடு ஏற்றி, ஒரு மணி நேரத்தில் இங்கே வந்து, இன்னொரு மணி நேரத்தில் இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் மூன்று நடை அடித்துவிடுவார். மூன்றாவது நடைக்கு வரும்போது தெருமுனையில் ஹாரன் அடிப்பார், நான் உலை வைப்பேன். அதே துறைமுகம், அதே ரோடு. ரோடு இப்போது இன்னும் அகலம். சின்னவனும் நாலு மணிக்குத்தான் போகிறான். திரும்பி வரும்போது அவன் பெண் குட்டி தூங்கியிருப்பாள். எத்தனை நடை என்று கேட்டால் ஒன்று என்பான், சில நாள் பதிலே சொல்ல மாட்டான். நான் விரல் விட்டு எண்ணினேன். அப்பாவுக்கு மூன்று, இவனுக்கு ஒன்று, அப்போது மீதி நேரம் எங்கே போகிறது? அதோடு இன்னொன்று. கிரீஸும் புழுதியுமாகப் போகிறவன் தலை ஈரமாக, மூஞ்சி பளிச்சென்று வருவான். நம் வீட்டில் வாங்குகிற சோப்பு இல்லை அது, வேறு வாசனை. பெற்றவள் மூக்குக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன். அந்த மூக்கை அறுக்க வேண்டும்.

உனக்கு எழுதினேன், சரி. நீயாவது என்னை ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம், அம்மா நீ கண்ணால் பார்த்தாயா என்று. கேட்கவில்லை. கடிதம் கிடைத்த கையோடு அவன் பெண்டாட்டிக்குப் போன் போட்டு, புருஷனைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார், அம்மாவே சொல்கிறாள் என்று சொல்லிவிட்டாய். தப்பு என்னுடையதுதான், ஆனால் அந்தத் தப்புக்கு நீயும் கால் கொடுத்ததால்தான் அது அவள் வரைக்கும் நடந்து போனது, அதையும் நான் மறக்கப்போவதில்லை. அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் அப்போதே விஷயத்தைக் கக்கியிருப்பேன். தையல் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, பள்ளிக்கூட விடுமுறைக்கு அம்மா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று குட்டியைக் கூட்டிக்கொண்டு போனாள். விடுமுறை முடிந்து பதினாறு நாள் ஆகிவிட்டது. சின்னவன் போன் செய்தால் குழந்தையிடம் கொடுத்துவிடுகிறாளாம். அவனுக்குக் காரணம் தெரியவில்லை. வேலைக்குப் போய்ப் போய் அலுத்துவிட்டது போலிருக்கிறது, இருந்துவிட்டு வரட்டும் என்கிறான்.

இவள் இருந்துவிட்டு வருகிற வரைக்கும் வாடகை வாங்குகிற வீட்டுக்காரன் காத்திருக்க மாட்டான். நீ பார்த்த இடம் இல்லை இது. நீ போகும்போது ஒரு குடோன், அதற்கு எதிரில் ஒரு டீக்கடை. இப்போது பதினோரு குடோன், அதில் கணினி பார்க்க வருகிறவர்களுக்கு எட்டு மாடி வீடுகள், அவர்கள் நாய்க்கு முடி வெட்ட ஒரு கடை. நம் காய்கறிக்காரி இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்டுவிட்டார்கள், உள்ளே நாலு தக்காளியைத் தட்டில் படுக்க வைத்துப் போர்த்தி விற்கிறான், தொட்டுப் பார்க்கக் கூடாதாம். தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை லாரியில் வருகிறது, வீட்டுக்கு இத்தனை குடம் என்று அளவு, மேலே பிடித்தால் தனிக் காசு. வாடகை போன வருஷம் ஒரு தடவை ஏறியது, இந்த வருஷம் இரண்டு தடவை. நாம் தகரக் கொட்டகையில் இருந்தபோது இந்த வீட்டுக்காரன் எதிரில் உட்கார்ந்து சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் வீடு கட்டினபோது இந்த இரண்டு அறைக்கும் செங்கல் கொண்டுவந்து இறக்கியது உங்கள் அப்பா வண்டிதான். மூன்று நடை. அக்கம்பக்கம் என்று ஒரு காசு வாங்கவில்லை, நான் அன்றைக்கே வேண்டாம் என்றேன். இப்போது வந்து நின்று, அம்மா ஏரியா வளருது, நானா வளர்க்கிறேன் என்கிறான். நீ வளர்க்கவில்லைடா, சும்மா செங்கல் ஏற்றின மடையன் வளர்த்தான் என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். மாதக் கடைசிக்குள் புது வாடகைக்குச் சரி என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் சாவி கொடுக்க வேண்டும். சின்னவன் சம்பளத்தில் அந்த வாடகை போனால் வயிற்றுக்கு மிஞ்சாது. அவள் தைத்துக் கொண்டுவருவதையும் சேர்த்தால்தான் இந்தக் கூரை. அவள் வராவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு, இருபது நாள் முப்பது நாள் போகிற தூர வண்டிக்குப் போகிறேன், வண்டியிலேயே படுத்துக்கொள்வேன், உன்னை அக்காவிடம் அனுப்பிவிடுகிறேன் என்கிறான். நான் என்ன பார்சலா? அதை விடு. ஒரு தடவை அவன் தூர வண்டிக்குப் போனால் அந்தக் குடும்பம் அப்புறம் ஒட்டாது, உங்கள் அப்பா அப்படிப் போய் வந்த இரண்டு வருஷம் எனக்குத் தெரியும்.

இப்போது நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை எனக்குக் கண் ஆஸ்பத்திரியில் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வாடகைக் காருக்குக் கேட்ட காசில் இன்னொரு கண்ணே வாங்கலாம். சின்னவன் துறைமுகத்திலிருந்து லோடோடு வருகிற வழியில் தெருமுனையில் என்னை ஏற்றிக்கொண்டான், குடோனில் இறக்கிவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் விடுகிறேன் என்றான். ஆறரைக்குக் குடோன் வாசலில் நிற்கிறோம். எங்களுக்கு முன்னால் பதினெட்டு லாரி. டோக்கன் பத்தொன்பது. எட்டு மணிக்கு நாலாம் நம்பர் கூப்பிட்டார்கள். பத்து மணிக்கு ஏழு. நான் கேட்டேன், இன்றைக்கு என்ன, ஏதாவது தகராறா என்று. தினமும் இப்படித்தாம்மா என்றான். நடைக்குத்தான் கூலியாம், நிற்பதற்குக் கூலி கிடையாதாம். லாரி பெருகிவிட்டது, இறக்குகிற வாசல் அதே இரண்டுதான். அப்பா காலத்தில் சக்கரம் உருண்டது, இவன் காலத்தில் நிற்கிறது, இவ்வளவுதான் என் கணக்கில் விட்டுப்போனது. பக்கத்து வண்டிக்காரன் ஒருவனுக்குத் தலையணை என்று பெயர், எங்கே போனாலும் கக்கத்தில் ஒன்று வைத்திருப்பான். அவன் எட்டிப் பார்த்து, பாட்டி, இங்க மாங்கொட்டை போட்டீங்கன்னா பழம் பறிச்சிக்கிட்டே போயிடலாம் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எனக்கு வேறு அவசரம் வந்துவிட்டது.

மகளிடம் சொல்ல என்ன வெட்கம். டிரைவர்களுக்கு அங்கே கழிப்பிடம் இல்லை. உள்ளே இருக்கிறது, பளபளவென்று ஜன்னல் வழியே தெரிகிறது. சின்னவன் இறங்கிப் போய்க் காவல்காரனிடம் கேட்டான். அந்தப் பயலுக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. வண்டியில் டிரைவர் தவிர ஆள் இருக்கக் கூடாது, முதலில் அதுவே தப்பு என்கிறான். உன் தம்பி, சார், வயசானவங்க சார், அம்மா சார், ரெண்டே நிமிஷம் சார் என்று கைகட்டிக் கெஞ்சுகிறான். என்னிடம் ஒரு நாளும் அந்தக் குரலில் அவன் எதையும் கேட்டதில்லை, சின்னப் பிள்ளையில் கூட. நான் அதைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டு என் வாய் சும்மா இருக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு, டேய், உன் ஆத்தாளுக்கு அவசரம்னா இப்படித்தான் சட்டம் பேசுவியா என்று ஆரம்பித்து, அவன் பரம்பரையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டேன். காவல்காரன் நேராக நடந்து வந்தான். சின்னவன் கையிலிருந்த டோக்கனை வாங்கிக் கிழித்துவிட்டு வேறு ஒன்று கொடுத்தான். இருபத்தாறு.

உன் தம்பி புது டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினான். வண்டியைப் பின்னால் கொண்டுபோய் வரிசைக் கடைசியில் நிறுத்தினான். தார்ப்பாயை அவிழ்த்து வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், போயிட்டு வாம்மா என்றான். ரோட்டுப் பக்கம் திறந்து கிடந்தது. யாரும் கூப்பிடாமலே அந்தத் தலையணை தன் இடத்தை விட்டுவிட்டு வந்து, வண்டியைக் குறுக்கே நிறுத்தி மறைத்தான். அவனுக்கும் அன்றைக்கு நம்பர் போயிருக்கும். பெயர் கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

எங்களை உள்ளே விட்டபோது விளக்குப் போடுகிற நேரம். ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். எப்போதாவது கிடைக்கிற இரண்டாவது நடையும் அன்றைக்கு என் வாயால் போனது. திரும்பி வரும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினான், சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சோப்புப் பெட்டியை எடுத்தான், வண்டி கழுவுகிற குழாயில் குளித்துவிட்டு வந்தான். அதே வாசனை. ஏன்டா இங்கே என்றேன். நான் வீட்ல குளிச்சா குட்டிக்குத் தண்ணி பத்தாதும்மா, இங்க ஓசிதானே என்றான். பெரியவளே, எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. அதற்கு மேல்தான் அவன் கேட்டான். அக்கா ரெண்டு மாசமா எங்கிட்ட சரியாப் பேச மாட்டேங்கிறா, நான் என்ன பண்ணேன்னு உனக்குத் தெரியுமா என்று. தெரியாது என்று சொன்னேன். எல்லாவற்றையும் மறக்காமல் வைத்திருக்கிற நான், தெரியாது என்று சொன்னேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். மருமகளுக்குப் போன் செய். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், கல்யாணமான மூன்றாம் மாதம் அவள் வைத்த சாப்பாட்டில் உப்பில்லை என்று நான் வந்தவர்கள் முன்னால் சொன்னதிலிருந்து அவள் என்னை நம்புவதில்லை. அவளும் எதையும் மறக்கிறவள் இல்லை, அதில் மட்டும் எனக்கு அவளைப் பிடிக்கும். கிழவி பொய் சொல்லிவிட்டாள் என்றே சொல். புத்தி பிசகிவிட்டது என்று கூடச் சொல், பரவாயில்லை. குடோன் வாசலையும் சோப்பையும் விட்டுவிடாமல் சொல். மாதக் கடைசிக்குப் பதினோரு நாள் இருக்கிறது. கடிதம் வந்து சேர ஆறு நாள் வைத்துக்கொண்டால் உனக்கு ஐந்து நாள். நீ அவளோடு பேசின பிறகு தம்பியோடு பேசு, சும்மா பேசு, வானிலை பற்றிப் பேசினாலும் போதும்.

எழுதிக்கொண்டு வரும்போதே ஒன்று தோன்றுகிறது. போன கடிதத்தையும் அவன்தான் தபாலில் போட்டான். அக்காவுக்கா என்று கேட்டு, தபால்தலை குறைகிறதென்று தன் காசில் ஒன்று வாங்கி ஒட்டிப் போட்டான், தன் மேல் எழுதின புகாருக்கு. இதையும் அவனிடம்தான் கொடுக்க வேண்டும், எனக்குத் தபால் நிலையம் வரைக்கும் கால் வராது. உறையை நான் ஒட்டப்போவதில்லை. வாயால் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. அவன் பிரித்துப் படித்தால் படிக்கட்டும், படித்துவிட்டு என்னை இந்த வீட்டில் வைத்திருப்பதும் அனுப்புவதும் அவன் இஷ்டம். கடிதம் உனக்கு ஒட்டி வந்தால் ஒட்டினது அவன் கை என்று தெரிந்துகொள். வராமலே போனால் உனக்கு எப்படித் தெரியும், அதுவும் சரிதான்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், நல்ல படிப்பும் அளவான வாயும் கிடைக்கட்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குளிரில் காதை மூடிக்கொள். போன் செய்ய மறந்துவிடாதே, மறந்தால் நான் மறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னையும் அவனையும் ஒரே வயிற்றில் சுமந்த
அம்மா