பன்னிரண்டு பேரும் ஒரு பல்தடமும்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்கிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று அறைத்தோழியோடு ஒரு பழைய நீதிமன்றப் படம் பார்த்தேன். ஒரு பையன் குற்றவாளியா என்று பன்னிரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான் கதை. பதினொரு பேர் குற்றவாளிதான் என்று உடனே கை தூக்கிவிடுகிறார்கள். ஒருவர் மட்டும், "எனக்கும் தெரியல, கொஞ்சம் பேசிப் பார்ப்போமே" என்கிறார். அப்புறம் நான் கண்ணை எடுக்கவே இல்லை; அடுப்பில் சோறு அடிபிடித்தது. "அவன் தப்பிச்சுட்டான்டி, பானை மாட்டிக்கிச்சு" என்றாள் தோழி. சிரித்தேன். ஆனால் தூக்கம்தான் வரவில்லை.

நீங்களும் அப்படித்தானே எல்லோரும் கை தூக்கிவிட்டீர்கள் அம்மா! உன்னை நம்பி விட்டுவந்த என் மகள் குட்டிதான் அண்ணன் மகனைக் கடித்தாள், அடங்காதவள், அடுத்த மாதம் ஹாஸ்டலில் விடலாம் என்று. கடித்ததை யார் பார்த்தது? அண்ணி அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அவன் கையில் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் இடைவெளியே இல்லாமல் பதிந்திருக்கின்றன. குட்டிக்கு மேலே முன்பல் இரண்டும் இல்லையே! நீதானே நூல் கட்டிப் பிடுங்கினாய்?

யார் கடித்தது என்று எனக்கும் தெரியாது. அண்ணனோடு சண்டை வேண்டாம். எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, கொஞ்சம் பேசிப் பார்ப்போம் என்று மட்டும் சொல். பிறகு குட்டியை வாயைத் திறந்து காட்டச் சொல்.

அவள் போட்டுக் கழற்றிய கவுன் ஒன்றை அனுப்பு, தலையணையில் வைத்துக்கொள்கிறேன். துவைக்காதே.

விளக்கை அணைக்கச் சொல்லித் தோழி கத்துகிறாள்.

உன் மகள்,
குட்டியின் அம்மா