ரீட்டா யாரென்று விசாரிக்க ஒரு நாள் வேண்டி

அனுப்புநர்:
வங்கேச்சி கதோகோ,
மென்பொருள் எழுதுபவர்,
ருவாக்கா, நைரோபி.

பெறுநர்:
துணைப் பதிவாளர் அவர்கள்,
வணிக வழக்குகள் பிரிவு,
நைரோபி.

பொருள்: என்மீதான பதிப்புரிமை வழக்கை இம்மாத இறுதிக்குள் விசாரணைக்கு எடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. பால் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மென்பொருள் செய்து தரும் நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியது அவர்களுடையது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. விலகிய பின் வேறொரு சிறு நிறுவனத்துக்காகப் பால் அளக்கும் மென்பொருளை முதல் வரியிலிருந்து புதிதாக எழுதினேன். திருடிவிட்டேன் என்று பழைய நிறுவனம் வழக்குத் தொடுத்தது. புதிய நிறுவனம் பயந்து என்னை அனுப்பிவிட்டது.

2. அவர்கள் காட்டும் ஒரே சான்று ஓர் எழுத்துப்பிழை. லிட்டரைக் குறிக்கும் ‘லீட்டா’ என்ற சுவாஹிலிச் சொல், இரண்டு மென்பொருளிலும் சேர்த்து நாற்பத்தொரு இடத்தில் ‘ரீட்டா’ என்று இருக்கிறது. முதல் அமர்வில் அவர்கள் வழக்கறிஞர், “யாரும்மா இந்த ரீட்டா? நாப்பத்தோரு எடத்துல வந்து நிக்கிறாளே” என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். நான் நியேரிக்காரி; தாய்மொழி கிக்குயு. எங்கள் கிக்குயு நாக்கில் ‘ல’ வரவேண்டிய இடத்தில் ‘ர’ வந்துவிடும்; விரலுக்கும் அதே பழக்கம். இது திருட்டென்றால் எங்கள் ஊரில் பாதிப் பேரைக் கூண்டில் ஏற்ற வேண்டும். விலகும்போது மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்தேன். நாக்கை ஒப்படைக்க வழியில்லை.

3. இதைச் சொல்லத்தான் ஒன்றரை ஆண்டாகக் காத்திருக்கிறேன். வாதி தரப்பினர் ஆறு முறை அவகாசம் வாங்கிவிட்டார்கள். அவர்களுக்கு ஜெயிக்கும் அவசரமில்லை. வழக்கு இருந்தாலே போதும். எங்கே விண்ணப்பித்தாலும், ‘உங்கள்மீது வழக்கு நிலுவையில் உள்ளதா?’ என்றொரு கட்டம். ‘ஆம்’ என்று எழுதுகிறேன். பதில் வருவதில்லை.

4. என்னோடு போவதாயிருந்தால் பொறுத்திருப்பேன். எங்கள் பழைய குழுவில் ஆறு பேர். இவ்வழக்கைப் பார்த்து மூவர் ருவாண்டா நாட்டுக் கிகாலிக்குப் போய்விட்டனர். இருவர், புதிதாக எதையும் எழுதத் தேவையில்லாத வங்கி வேலையில் ஒதுங்கிவிட்டனர். வேலை தேடும் இளையவர்கள் முன்பெல்லாம் என்ன செய்யப்போகிறோம் என்று கேட்பார்கள். இப்போது முதல் கேள்வியே, “இவங்க கேஸ் போடுறவங்களா?” என்பதுதான். எழுதியதைக் காக்கச் சட்டம் வேண்டியதே. எழுதுகிறவர்களும் ஊரில் இருக்க வேண்டுமல்லவா?

5. கிகாலிக்குப் போனவர்களில் ஒருவரான கிப்ரோனோ, தன் நிறுவனத்தில் எனக்கும் இடம் பேசி வைத்திருக்கிறார். “அங்க உக்காந்து யாருக்கு நல்லவளா இருக்கப்போற? பெட்டியக் கட்டு தாயி” என்கிறார். முப்பதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் போக மனமில்லை. பால் கேனோடு வரிசையில் நிற்கும் பெண்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிப் பழகியவள் நான். தோற்றாலும் ஏற்றுக்கொள்வேன். தோற்காமலும் ஜெயிக்காமலும் இருப்பதுதான் தாளவில்லை.

ஆகவே, முப்பதாம் தேதிக்கு முன் ஒரு நாள் குறித்து, அன்றே விசாரணை நடக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதற்குப் பின் நாள் குறித்தாலும் நான் தப்பிக்கப் பார்க்க மாட்டேன். கிகாலியில் பேருந்து ஏறி வந்து நிற்பேன். ஆனால் அதன் பிறகு, பிரதிவாதியாக மட்டுமே இந்த ஊருக்கு வருவேன்.

இடம்: நைரோபி
நாள்: 09.06.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
வங்கேச்சி கதோகோ
(கையொப்பம்)