வெப்பமானியும் அப்பாவின் றிப்போட்டும்

குருநகர்,
செப்ரெம்பர் 6.

அன்பு மகள் யசிந்தாவுக்கு, ஆண்டவர் உன்னைச் சுகத்தோடு வைத்திருக்கவேண்டுமென்று மன்றாடிக்கொண்டு அப்பா எழுதுவிப்பது. எழுதுவிப்பவர் அவர், எழுதுகிறவள் உன் தங்கை றெஜினா. மீன்பிடியில் திருக்கை மீனின் முள் ஏறிய வலது கை வீக்கம் இன்னும் வற்றவில்லை, ஆகையால் அவர் சொல்வார், நான் எழுதுவேன், இடையில் கொஞ்சம் கூட்டுவேன். ‘இங்கு நாங்கள் நலம்’ என்ற வரியை இந்தமுறை போடவேண்டாம் என்றுவிட்டார்.

சென்னை மடத்தில் உனக்கு மாதம் ஒரு கடிதம்தான், போன் நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும், ஆகவே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேள். கைக்கு மருந்து கட்டப் போன இடத்தில் டொக்டர் வாயையும் திறக்கச் சொல்லி, உள்கன்னத்தில் ஒரு வெள்ளைப் புண்ணைக் கண்டு, எத்தனை வருசமாக வெற்றிலை என்று கேட்டிருக்கிறார். அப்பா இருபது என்றாராம், வாய்க்குள் புண் இருக்கும்போதும் கணக்கில் பொய். சதைத்துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். றிப்போட் ஒட்டிய உறையில் வந்தது, செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு அப்படியே கொண்டுபோகவேண்டும். உறைக்குள் இருப்பது திறந்தாலும் திறக்காவிட்டாலும் இருந்தபடிதான் இருக்கும், நாலு நாள் பொறு என்று அப்பா அதை அந்தோனியார் படத்துக்குப் பின்னால் செருகினார். தொலைந்ததை எல்லாம் எடுத்துத் தருகிற மனிசனிடம் கொண்டுபோய் ஒளித்தால் நான் எடுக்காமல் இருப்பேனா. சோற்றுப்பானை ஆவியில் உறையைப் பிடித்தேன் (உனக்கு வந்த கடிதங்களில்தான் பழகினேன், மன்னித்துக்கொள்). விரல் வெந்துபோனது. கொதிநீரைவிட நீராவி ஏன் கூடச் சுடும் என்று மறைவெப்பத்தைப் பாடமாக்கியவளுக்கு அது அன்றைக்குத்தான் விளங்கியது. உள்ளே இங்கிலிசில் கார்சினோமா என்று இருந்தது. அம்மா, மாமா என்று மாவில் முடிகிற சொல் எல்லாம் இனிக்கும் என்று நினைத்திருந்தேன் அக்கா. திரும்ப ஒட்டி வைத்தேன், ஒரு சுருக்கமும் தெரியவில்லை.

உன் பௌதிகவியல் கொப்பி இப்போது என்னிடம்தானே. கொஞ்ச வெந்நீருக்குள் குளிர்ந்த வெப்பமானியை வைத்தால் அதுவும் கொஞ்ச வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், ஆகவே அது காட்டுவது முந்தின வெப்பநிலை அல்ல என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். அடுத்த பக்கத்தில் அணுவுக்குள் இருக்கிற இலத்திரன். அதைப் பார்க்க ஒளி படவேண்டும், பட்டாலே அது இடறிப்போகும். வெந்நீரென்றால் பெரிய பானையாக எடுத்துத் தப்பலாம், இலத்திரனுக்கு அப்படித் தப்ப வழியே இல்லை. சோதனைக்கு வரும் என்று இரண்டையும் பாடமாக்கினேன், வீட்டுக்குள் வரும் என்று நினைக்கவில்லை. அப்பா சொன்னதுபோல உறைக்குள் இருந்த கடதாசி மாறவில்லை. திறந்து பார்த்தவள்தான் மாறிப்போனாள். மூன்று நாள் நான் வழமைபோல விளையாட்டுக்குக்கூட ஒருத்தரையும் ஏமாற்றவில்லை, அவருடைய செருப்பை ஒளிக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "சின்னவள், தேத்தண்ணிக்குள்ளை உப்பும் இல்லை, உன்ரை வாயிலை பகிடியும் இல்லை. திறந்து பார்த்திட்டியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் என்னை ஏசவில்லை. இனித் தனக்கு வாசித்துக் காட்டத் தேவையில்லை என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை டொக்டரும் அதைத்தான் சொன்னார். வாற திங்கள் தொடங்கி ஆறு கிழமை தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கறண்ட் பிடிப்பார்களாம். அது கறண்ட் இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளி, சின்னச் சின்னப் பொட்டலமாகச் சக்தியைக் கொண்டுவரும் என்று விளங்கப்படுத்தினேன். "லைற் அடிச்சு மீன் பிடிச்சனான், இப்ப எனக்கு லைற் அடிக்கப்போகினம்" என்றார். சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய், கழுவின கோப்பைகளைத் திரும்பவும் கழுவினேன்.

இனி அப்பா சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். உன் துறவற வார்த்தைப்பாட்டுக்கு இன்னும் ஐந்து கிழமைதான். அதை விட்டுவிட்டு வரவேண்டாம், வந்தால் திரும்பிப் போகமாட்டாய், அந்தப் பழி தனக்கு வேண்டாம். சாப்பாட்டைத் தள்ளாதே, மழையில் நனையாதே, மடத்துத் தாயாருக்கு எதையும் மறைக்காதே. நான் கூட்டுவது இது: அம்மா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர், எனக்குப் பயமாயிருக்கிறது. இதை எழுதுகிறேன் என்று அவரிடமும் சொன்னேன். எழுது என்றார்.

முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வரவேண்டாம் என்ற இடத்தில் தலையாட்டினார். ஆண்டவரும் மாதாவும் உன்னோடு இருக்கட்டும், உன் அம்மாவின் ஆசீரும் இருக்கட்டும் என்று முடிக்கச் சொன்னார். பேனாவை மூடப்போனேன், மறித்து இன்னொரு வரி சேர்க்கச் சொல்கிறார்: சென்னையிலிருந்து எங்கள் பலாலிக்குப் பிளேனில் ஒன்றேகால் மணித்தியாலம்தானாம், விசாரித்தவராம்.

இப்படிக்கு, இடது கையால்,
உன் அப்பா
பேதுரு