சுட்டுவிரலின் விலாசம்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், என் இடது கையும் தேறி வருகிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் எங்கள் சௌக்கியம் முழுமையாகும்.

லீவு போட்டுவிட்டு வருகிறேன், டிக்கெட்டும் எடுத்தாயிற்று என்று எழுதியிருந்தாய். வேண்டாம். டெலிபோன் கேபிள் சீவுகிற கத்தி உள்ளங்கையில் இறங்கி நரம்பு அறுந்தபோது ஓடி வந்தாயே, அது போதும். அறுந்த முனைகளுக்கு நடுவே டாக்டர் வைத்த குழாய் வழியாக நரம்பு வளர்ந்து விரல்வரை வந்துவிட்டது. உன் ஆய்வுக்கூடத் தட்டில் நீ கோடுகோடாகத் தடவுகிறாயே, அதே மாதிரியான புரதம்தான் குழாய்க்குள்ளும் என்று நீதான் சொன்னாய், பிஞ்சு நரம்பு செல்கள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நீளும், கோடு இல்லாத பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது என்று. என் நரம்பும் சமர்த்தாக வழியைப் பிடித்து வந்துவிட்டது, ஆனால் எந்த இழை எந்த விரலுக்கு என்பதில்தான் குளறுபடி. கண்ணை மூடியிருக்கும்போது அம்மா சுட்டுவிரலைத் தொட்டால் எனக்கு நடுவிரலைத் தொட்டதுபோல் இருக்கிறது. ஊரார் டெலிபோனுக்கெல்லாம் ராங் கனெக்‌ஷனைச் சரிசெய்தவர் கையிலேயே ராங் கனெக்‌ஷனா என்று அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

அடுத்த வாரம் ஆபீஸ் டாக்டரிடம் சோதனை. கண்ணைக் கட்டிவிட்டு, எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்பாராம். தேறினால் மறுபடி கேபிள் குழியில் இறங்கலாம், தவறினால் மேஜை நாற்காலிதான். நாற்காலியில் என்னை உட்காரவைக்க முடியாது என்று உனக்கே தெரியும். அதனால் ஒரு யுக்தி செய்தேன், நடுவிரல் என்று தோன்றினால் சுட்டுவிரல் என்று சொல்லிவிடுவது. எல்லாம் சரியாகவே வந்தது. அம்மா சும்மா இருப்பாளா, ஒருநாள் நிஜமாகவே நடுவிரலைத் தொட்டாள். சுட்டுவிரல் என்றேன். “டாக்டரை ஏமாத்திடுவீங்க, கத்தியை ஏமாத்த முடியுமா?” என்று கேட்டாள். அன்றோடு யுக்தியை மூட்டை கட்டிவிட்டு ஒழுங்காகப் பயிற்சி செய்கிறேன். முதலில் பார்த்துக்கொண்டே தொடவேண்டும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு தொடவேண்டும். பட்டன், சாவி, பஞ்சு என்று கையில் கிடைத்ததையெல்லாம் அம்மா கொண்டுவந்து கொட்டுகிறாள்.

இன்று காலை பீரோவுக்குப் பின்னால் விழுந்த அம்மாவின் ஊக்கை இடது கையால் துழாவினேன். நறுக்கென்று குத்தியது. “ஐயோ, சுட்டுவிரல்!” என்று கத்திக்கொண்டே கையை வெளியே இழுத்தேன். ரத்தம் சுட்டுவிரலில்தான் துளிர்த்திருந்தது. அம்மா மருந்தெடுக்க ஓடவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். துடைக்கவே மனசு வராமல் நானும் அந்தத் துளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சோதனைக்கு நானே போய்க்கொள்வேன், நீ உன் கோடுகளைப் பார். தொட்டதெல்லாம் துலங்க எங்கள் ஆசி. டிக்கெட்டை இன்றே ரத்து செய்.

ஊக்கு குத்திய சந்தோஷத்தில்,
உன் அப்பா