ஜூஸ் தராத செமினார்

ஜூலை 6
பிளஸ் டூ முடிந்தும் பயம் முடியவில்லை. கல்லூரியிலிருந்து மெயில். முதல் வருடத்துக்கு ஒரு செமினார் தேர்ந்தெடுக்க வேண்டும். பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்களாம். வாராவாரம். கட்டாயம். எனக்கு அட்டெண்டன்ஸுக்கு 'பிரசன்ட்' சொல்லவே பக்கத்தில் இருப்பவள் இடிக்க வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். அபுதாபி முசஃபாவில் வெல்டர் அவர். அவருக்குத் தெரிந்தது கம்பெனியில் நடக்கும் சேஃப்டி செமினார்தான்.

"இதுக்கா பயப்படுற? ஏசில உக்கார வச்சு ஜூஸ் குடுப்பாங்கத்தா. கையெழுத்துப் போட்டுட்டு வந்துரலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 8
பழைய நாணயங்கள் பற்றிய செமினாரில் பேச்சுக்கு மார்க் குறைவு. என் வகுப்புத் தோழி ஹிஃப்ஸா கண்டுபிடித்துச் சொன்னாள். அதையே விருப்பப் பட்டியலில் முதலில் போடப்போகிறேன்.

'வெயிலும் நகரமும்' என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஏன் நாலு தடவை திறந்து பார்த்தேன்?

ஜூலை 9
லைட் வெளிச்சத்தில் தங்கச்சி புரண்டு படுக்கிறாள். இன்று எழுதியது போதும்.

ஜூலை 11
சப்பாத்தி தேய்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "உங்கப்பா ஒரு செமினார்ல எந்திரிச்சு நின்னாரே, தெரியுமா?"

அடிக்கடி தண்ணீர் குடியுங்கள் என்றாராம் ஆபீசர். அப்பா எழுந்து அரைகுறை இந்தியில் கேட்டிருக்கிறார்: நாங்கள் எட்டாவது மாடியில், தண்ணீர் கீழே, யார் கொண்டுவருவது? அந்த இந்தியைக் கேட்டு ஹாலே சிரித்ததாம். அடுத்த வாரம் ரெண்டு மாடிக்கு ஒரு கூலர் வந்துவிட்டது.

என்னிடம் ஏன் சொல்லவே இல்லை? அப்பாவிடமே கேட்டேன்.

"அதுல சொல்ல என்ன இருக்கு? தாகம், கேட்டேன்."

ஜூலை 12
இன்று கடைசி நாள். 'வெயிலும் நகரமும்'தான் முதலில். காரணம் மூன்று வரியில் எழுத வேண்டும். அப்பாவின் கேள்வியை எழுதினேன். கீழே அவர் பெயரும் — கார்மேகம், வெல்டர்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. பன்னிரண்டு பேர்! என்ன பண்ணித் தொலைச்சேன்? ஆனால் மாற்ற மாட்டேன். அந்தப் பெயரை எப்படி அழிப்பது?

ஜூலை 20
கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 27
முதல் வகுப்பு. ஏசி வைத்த பஸ் நிறுத்தங்களின் படத்தைப் பேராசிரியர் காட்டினார். கையைத் தூக்கிவிட்டேன். தங்கும் கேம்புக்குப் போகிற பஸ் வரும்வரை தொழிலாளர்கள் எங்கே நிற்பார்கள் என்று கேட்டேன். குரல் கீச்சென்று வந்தது. பேராசிரியர் அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதினார்.

அப்பா டியூட்டி முடிந்து வந்தவுடன், ஷூவைக்கூடக் கழற்றாமல்:

"ஜூஸ் குடுத்தாங்களாத்தா?"

"மாஃபிப்பா, குடுக்கல."

"கேள்வி கேட்டியா?"

"கேட்டேன்ப்பா."

"சிரிச்சாங்களா?"

"ரெண்டு பேரு."

"அப்ப சரியான கேள்விதான்."